வெர்னாவின் ஏழு ஞாயிறுகள்

கமலாம்பிகை கனடாவில், பார்க்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தாள். ஞாயிறுகளில் எண்ணெய்ச் சாயத்தில் முகங்கள் கீறுவாள். 1994இல் அங்குள்ள தமிழரின் ஊர்ச்சங்கம் தன் கண்காட்சிக்கு முதன்முறையாக அவளிடமும் ஒரு படம் கேட்டது. கூட வேலை செய்யும் ஜமைக்காக்காரி வெர்னாவை அவள் அழைத்தாள். ஏழு ஞாயிறு வெர்னா வந்து சன்னலோரம் அசையாமல் இருந்தாள்.

முதல் நாள் கமலாம்பிகை கறுப்புச் சாயத்தைப் பிதுக்கினாள். எட்டிப் பார்த்த வெர்னா, "நான் என்ன, தீய்ந்த சட்டியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தாள்.

கமலாம்பிகை வெட்கத்தோடு அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெர்னாவின் முகத்தை மறுபடி பார்த்தாள். நெற்றியில் நீலம் இருந்தது, தாடையோரம் சிவப்பு. கறுப்புக் குழாயை அதன்பின் அவள் திறக்கவில்லை.

கடைசி ஞாயிறு வெர்னா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். "என்னை ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை. கண்காட்சிக்கு என் சேர்ச் ஆட்களையும் கூட்டி வருவேன்."

கண்காட்சியன்று காலை படம் சுவரில் இல்லை. மேசைக்குக் கீழே, முகம் உட்பக்கமாகச் சாத்திக் கிடந்தது.

"என்ன அண்ணை உது?" என்றாள் கமலாம்பிகை, சங்கச் செயலாளர் இராஜரட்ணத்திடம்.

"பிள்ளை, படம் திறம். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா வாசலுக்கை வந்த உடனை உந்த முகமோ? சனம் என்னையெல்லே பிடிச்சுக் கேக்கும். எங்கட ஆக்கள் ஒருத்தரும் உமக்கு அம்பிடேல்லையோ?"

"அவ ஏழு கிழமை இருந்தவ, அண்ணை."

"அடுத்த வருசம் நடுச்சுவர் முழுக்க உமக்குத்தான். ஓமோ?"

கனடாவுக்கு வந்த எட்டு வருடத்தில் ஒரு ஆணி அடிக்கும் இடம்கூட அவளுக்கு யாரும் தந்ததில்லை.

"ஓம்," என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

இரண்டு மணிக்கு வெர்னா வந்தாள். ஊதாத் தொப்பி. கூட வந்த நான்கு பெண்களும் வாசலில் கோட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வெர்னா சுவர் சுவராகத் தேடினாள்.

"நான் எங்கே?"

"சாயம் இன்னும் காயவில்லை. எண்ணெய் அல்லவா, நாளாகும்," என்றாள் கமலாம்பிகை.

வெர்னாவின் கண் மேசைக்குக் கீழே போனது. குனிந்து சட்டத்தைத் திருப்பினாள். படத்திலிருந்த தன் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்துக் கமலாம்பிகையிடம் காட்டினாள். விரல் சுத்தமாக இருந்தது.

படத்தை இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"இன்னும் காயவில்லையாம்," என்றாள் தன் ஆட்களிடம். அவர்கள் கோட்டுகளைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்கள்.

இராஜரட்ணம் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "பாத்தீரே பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லாமல் முடிஞ்சுது."

கமலாம்பிகை அதை வாங்கிக் குடித்தாள்.