தங்கச்சி வீட்டு டீவி

வசதியில்லாத குடும்பங்களுக்கான அரசாங்கக் கொடுப்பனவுக்காக வீடு வீடாக வந்து விபரம் எடுத்த காலம் அது. சாய்ந்தமருதில் நானும் தங்கச்சியும் ஒரே வளவுக்குள்தான் குடியிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. வாப்பா எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று சீதனமாகக் கட்டித் தந்தார். அந்த வீட்டில் யாராவது குறை கண்டால் அது வாப்பாவுக்கே வந்த குறை என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

அப்போது என் கணவர் வள்ளம் தள்ளும்போது விழுந்து, இடுப்பு உடைந்து, படுத்த படுக்கையாகிவிட்டார். மருந்துக்கே வழியில்லை. அந்தக் கொடுப்பனவு வந்தால்தான் உண்டு என்ற நிலை. அப்படியிருந்தும், உத்தியோகத்தர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்யாண வீடு போலச் சோடித்தேன்! கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த பேசினை ஒளித்தேன். கணவர் படுத்திருந்த அறைக் கதவைச் சாத்தினேன். தங்கச்சி வீட்டு டீவியையும் கதிரைகளையும் தூக்கி வந்து முன்னறையில் வைத்தேன். வந்தவருக்குக் கேக்கும் பால் தேத்தண்ணியும் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு என்ன தொழில் என்றார். கடல் தொழில் என்றேன். "டீவி உங்கடதா?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். எங்கள் கஷ்டத்தை வெளியே போய்க் கதைத்துவிடுவாரோ என்பதுதான் என் பயமெல்லாம்.

பிறகு அவர் தங்கச்சி வீட்டுக்குப் போனார். அங்கே அவருக்கு உட்காரக் கதிரை இல்லை. எல்லாம்தான் என் வீட்டில் இருந்ததே!

முடிவு வந்தது. அவளுக்குக் கிடைத்தது, எனக்கு இல்லை. வயிறு எரிந்தது. அவள் கணவர் மேசனுக்குக் கையாளாகப் போகிறவர், அவளுக்கும் அது தேவைதான். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டுமே. அங்கே மீன் பொரிக்கும் வாசம் வந்தால் இங்கே ஜன்னலைச் சாத்துவேன். அவள் பிள்ளை புதுச் செருப்புப் போட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே வீட்டைக் கூட்டாதவள், விரித்த பாயைச் சுருட்டாதவள். அவளுக்குக் கொடுத்த அல்லாஹ் எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்று தொழுகைப் பாயில் இருந்தே பொறாமைப்பட்டேன்.

அவளே ஒரு நாள் வந்து, "ராத்தா, மேன்முறையீடு போட ஏலுமாம். வாங்க, நானும் கூட வாறன்" என்றாள். கிடைத்தவளுக்குப் பெரிய மனசுதான் வரும் என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

பிரதேச செயலகத்தில் விசாரணை நாள். சுற்றிவர ஊர்ச் சனம். அதிகாரி விபரத்தைப் பார்த்துவிட்டு, "டீவி இருக்கு, கதிரை இருக்கு, அவருக்குத் தொழிலும் இருக்கு. பிறகென்ன ராத்தா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன்.

தங்கச்சி முன்னால் வந்தாள். "சேர், அந்த டீவி என்ட. கதிரையும் என்ட. ராத்தா வெக்கத்தில அப்படிச் சொல்லிப்போட்டா. மச்சான் எழும்ப ஏலாமப் படுத்திரிக்கார். வந்து பாருங்க."

அதிகாரி அவளைப் பார்த்தார். "அப்படியெண்டா உங்கட பேரிலதான் அதப் பதியணும். உங்கட கொடுப்பனவையும் திரும்பப் பார்ப்பாங்க. நின்டு போகவும் கூடும், தெரியுமா?"

"பதிங்க சேர். இரிக்கிறதத்தானே சொல்றன்."

இரண்டு வீட்டையும் மறுபடி பார்க்க வந்தார்கள். பழக்கதோஷம், என் கை பேசினைத் தூக்கப் போனது. அவள் அதைப் பிடுங்கி ஒழுக்குக்கு நேரே வைத்தாள். கணவரின் அறைக் கதவையும் அவளே திறந்துவிட்டாள். ஊரார் முன் உடுப்பில்லாமல் நிற்பது போல எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அல்ஹம்துலில்லாஹ், எனக்கும் கிடைத்தது, அவளுடையதும் நிற்கவில்லை. ஆனால் அன்று அந்த மேசை முன்னால் அது அவளுக்குத் தெரியாது.

என் பொறாமை முற்றாகத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். இப்போது "பதிங்க சேர்" என்ற அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் பொறாமை. என்னுடையதாக இல்லாத டீவிக்கு ஓம் சொன்னவள் நான். அவள் இடத்தில் இருந்திருந்தால், என்னுடைய டீவியை என்னுடையது என்று சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.