பித்தளைக்குள் ஒரு கோடு

எர்வின் ஷெர்மர் ஒரு தோட்டாவைக்கூடக் கடையில் தயாராக வாங்கியவன் இல்லை. சுட்டதும் புல்லில் தெறித்து விழும் பித்தளைக் கூட்டைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து, கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டுபோன கழுத்தை நறுக்கி, அடியில் தீப்பொறி தரும் குட்டி மூடியான ப்ரைமரைப் புதிதாகப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை உட்கார வைப்பான். எங்கள் ஊரில் பலர் இப்படித் தோட்டா கட்டுவார்கள். ஆனால் அடுத்தவன் கட்டிய தோட்டாவை நான் துப்பாக்கியில் போடத் துணிந்தேன் என்றால் அது எர்வின் கட்டியது மட்டும்தான்.

காரணம் உண்டு. சுடச்சுடப் பித்தளை இழுபடும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில், வளையமாக ஒரு கோடு விழும். வெளியே பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஒரு நாள் அந்தக் கோட்டில் கூடு அறுந்துவிட்டால் வெடித்த சூடு முன்னால் போகாமல் பின்னால் சுடுகிறவன் முகத்துக்கு வரும். எர்வின் ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, சுவரோடு ஒட்டி மெதுவாக மேலே இழுப்பான். கம்பி எங்காவது துளி தடுக்கினால் அந்தக் கூடு குப்பைக்கு. எத்தனை முறை சுட்டது என்று டப்பா டப்பாவாகப் பிரித்தும் வைத்திருந்தான். என்னைக் கிண்டல் செய்ய அது போதும் அவனுக்கு. "உன் பொண்டாட்டி உன்னைக் கட்டிக்கிட்டு வார்த்தையால எத்தனை தடவை சுட்டுருப்பா, லிண்ட்சே? உன்னையும் ஒரு டப்பால போட்டு வைக்கணும்டா," என்பான்.

போன வருஷம் அவனுக்குக் குடலில் புற்றுக்கட்டி. அடிலெய்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கட்டி போய்விட்டது. மருந்து போகும்போது அவன் விரல்நுனிகளின் உணர்வையும் எடுத்துக்கொண்டு போயிற்று. சட்டைப் பொத்தானை வால்டாதான் போட்டுவிட்டாள். அவள் அவன் மனைவி. நாங்கள் மூவரும் ஒரே பள்ளிக்கூடம். தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவுவது, அது தரையில் உடைந்த பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்த குளிர்காலத்தில் கொட்டகைக் கூரை ஒழுகியது. நனைந்து கெட்டுவிடக் கூடாதே என்று வால்டா மேசை மேலிருந்த டப்பாக்களை எல்லாம் ஒரே வாளியில் கொட்டி வீட்டுக்குள் தூக்கி வந்துவிட்டாள். ஒரு முறை சுட்டதும் ஆறு முறை சுட்டதும் ஒன்றாகக் கலந்துபோயின. அவன் வந்து வாளியைப் பார்த்தான்.

"நனையாம வச்சிருக்கேன்," என்றாள் வால்டா.

"நல்லா வச்சிருக்க, வால்," என்றான்.

இந்த வருஷம் ஆடுகள் ஈனத் தொடங்கியதும் நரிகள் வந்துவிட்டன. இரட்டைக் குட்டி போட்ட ஆடு ஒரு குட்டியை நக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றதை இழுத்துக்கொண்டு ஓடின. விஷ இறைச்சி வைக்க வால்டா விடமாட்டாள். அவளுடைய முந்தைய நாய் அதைத் தின்றுதான் சமையலறை வாசலில் துடித்துச் செத்தது. எர்வினின் துப்பாக்கி அப்பா காலத்தது, ட்ரிபிள் டூ என்ற அளவு. அதற்குக் கடைகளில் தோட்டாவும் இல்லை, புதுக் கூடும் இல்லை. போர்ட் லிங்கனில் துப்பாக்கிக் கடைக்காரர், "கப்பல்ல வருதுன்றாங்க, எந்தக் கப்பல்னுதான் சொல்ல மாட்டேங்குறாங்க," என்றார். என் துப்பாக்கி வேறு அளவு; என் பட்டிக்கும் அது வேண்டும். நான் இரண்டு மூன்று சாயங்காலம் போய் உட்கார்ந்து ஒரு நரியைச் சாய்த்தேன். என் விதைப்பு பாதியில் நின்றது. அதற்கு மேல் போக முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனபோது எர்வின் கொட்டகையில் வாளியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கம்பியைக் கூட்டுக்குள் விட்டு இழுத்தான். மறுபடி இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

"என்ன தெரியுது?" என்றேன்.

"ஒண்ணும் தெரியல. கம்பி கையில இருக்கான்றதே பார்த்தாத்தான் தெரியுது." கம்பியை என்னிடம் நீட்டினான். "நீ பாரு."

இழுத்துப் பார்த்தேன். "ஏதோ தடுக்குற மாதிரி இருக்கு."

"எப்படித் தடுக்குது? படியில கால் இடறுற மாதிரியா, மணல்ல தேய்க்குற மாதிரியா?"

"மணல் மாதிரி. இல்ல... தெரியலடா."

"மணல்னா அழுக்கு. படின்னா கோடு. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை இழுத்தபோது எதுவும் தடுக்கவில்லை. வால்டாவைக் கூப்பிட்டான். அவள் விரல்கள் எங்களுடையதைவிட நயமானவை. அவளும் முயன்றாள். முதல் கூட்டில் கோடு இருக்கிறது என்றாள். நாலாவது கூட்டிலும் அதையேதான் சொன்னாள். பிறகு எல்லாவற்றிலும் இருப்பதாகத் தோன்றுகிறது என்று கம்பியைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்குப் பயமா இருக்கு, எர்வின். பயத்துல எல்லாமே தடுக்குது."

அவன் சிரிக்கப் பார்த்தான். "முப்பது வருஷமா இந்த விரல் சொன்னதைக் கேட்டேன். அது எப்படிச் சொல்லுச்சுன்னு வாயால சொல்ல வரலயே."

அன்றைக்கு மட்டும் மூன்று குட்டிகளின் மிச்சத்தை வேலியோரம் பார்த்துவிட்டு வந்திருந்தான். வெளிப்பக்கம் பளிச்சென்று வளையம் எதுவும் தெரியாத கூடுகளாகக் கண்ணால் பார்த்துப் பொறுக்கினான். ப்ரைமர்கள் கையிலிருந்து சிந்திக்கொண்டே இருந்தன. வால்டா முழங்கால் போட்டுத் தரையில் தேடி எடுத்துக் கொடுத்தாள். வெடிமருந்தை வழக்கத்தைவிடக் குறைத்து, தோட்டா கட்டும் புத்தகத்தில் சொன்ன ஆரம்ப அளவிலேயே நிறுத்துப் போட்டான். வேண்டாம் என்று நான் சொன்னேன். வால்டாவும் சொன்னாள்.

"அப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க," என்றான்.

மறுநாள் வெயில் சாயும் நேரம் நானும் விதைப்பிலிருந்து நேராக, வெறுங்கையோடு கூடப் போனேன். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் சுட மாட்டான், அன்றும் போட்டிருந்தான். கீழ்ப்புறப் புதரிலிருந்து நரி ஒன்று வந்தது. முதல் குண்டு தவறியது. நரி ஓடவில்லை, காது தூக்கி நின்றது. இரண்டாவது முறை அழுத்தினான். சத்தமே வேறாக இருந்தது. எர்வின் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு முகத்தைப் பிடித்துக்கொண்டான்.

கண்ணாடி முழுக்கக் கரி. கன்னத்தில் ஊசி குத்தியது போல ரத்தப் பொட்டுகள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. துப்பாக்கியின் பின்பூட்டை இழுத்தபோது கூட்டின் அடிப்பாகம் மட்டும் வில்லை மாதிரி வந்து விழுந்தது. மீதி குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. இனி அந்தத் துப்பாக்கி வெறும் தடி.

நரி திரும்பி வந்தது. நாங்கள் கத்தினோம். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம், வாய்க்காலுக்கும் இந்தப் பக்கம். அது எங்களைப் பார்த்தபடியே, இன்னும் எழுந்து நிற்கத் தெரியாத ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் புதருக்குள் போனது. தாய் ஆடு கொஞ்ச தூரம் பின்னால் ஓடி நின்றுவிட்டது. எர்வின் கத்துவதை நிறுத்தினான். நானும் நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் வால்டா வெந்நீர் வைத்து அவன் கன்னத்தைத் துடைத்தாள். "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"கன்னத்துல வலிக்குது," என்றான். "அதாவது தெரியுதே."

அடுத்த நாள் அவன் கூடுகளைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, ரம்பத்தால் நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்தான். பிளந்து பார்த்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும், விரல் தேவையில்லை. முதல் கூட்டில் நகத்தால் கீறியது போலக் கோடு. இரண்டாவதிலும். மூன்றாவது சுத்தமாக இருந்தது. புதிது போல, ஒரு குறையும் இல்லாமல், இரண்டு துண்டாக.

"இது நல்ல கூடு," என்றான்.

"இருந்துச்சு," என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரிப்பு சரியாக வரவில்லை. கலந்துகிடக்கும் வாளியில் ஒன்று நன்றாக இருந்தால் அடுத்தது எப்படி என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் அதையும் அறுக்க வேண்டும். ரம்பத்தைக் கீழே வைத்தான். பிறகு பக்கத்துக் குழந்தைகள் யாரும் எடுத்து விளையாடக் கூடாது என்று எல்லாக் கூட்டையும் சுத்தியலால் நசுக்கி, பழைய இரும்பு வாங்குபவனுக்குப் போட்டுவிட்டான்.

இன்னும் ஈனாத ஆடுகளை வீட்டுக்குப் பக்கத்துக் கொல்லைக்கு ஓட்டி வந்தோம். அங்கே புல் போதவில்லை, வைக்கோல் போட்டோம். இருட்டும் நேரத்தில் எர்வின் வண்டியை வேலியோரம் நிறுத்தி, விளக்கைப் போட்டு, ஹாரனை அடித்துக்கொண்டிருப்பான். முதலில் நரிகள் ஓடின. பிறகு அதற்கும் பழகிவிட்டன.

பிழைத்த குட்டிகளுக்கு வால் நறுக்க ஆட்கள் வந்தபோது பட்டியில் பாதி காலியாகக் கிடந்தது. துப்பாக்கியில் சிக்கிய கூட்டைப் பட்டறைக்காரர் எடுத்துக் கொடுத்தார். வசந்தத்தில் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்: கூடு வந்துவிட்டது, எத்தனை வேண்டும்? வால்டா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். எர்வின் தலையை ஆட்டினான். அது வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று அவளுக்குப் புரியவில்லை; அவனிடம் திருப்பிக் கேட்கவும் மனம் வரவில்லை.

"அப்புறம் கூப்பிடுறோம்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.