டெபியனை நான் ஏன் விடவில்லை

"இன்னாண்ணா, இன்னும் அந்தக் கிழட்டு டெபியனையே கட்டிக்கினு அழுவுறீங்க?" என்று போன வாரம் திவ்யா கேட்டாள். கள்ளக்குறிச்சியில் நான் நடத்தும் இ-சேவை மையத்தில் பக்கத்து மேசைக்காரி. கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் எத்தனையோ வகை இருக்க, இதையே ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு ஆச்சரியம். என்னிடம் பதில்கள் தயார். பழைய கணினியிலும் ஓடும். எதையும் நன்றாகச் சோதித்த பிறகுதான் தரும். புதுசு வரத் தாமதமாகும், ஆனால் நேற்று ஓடியது இன்றும் ஓடும். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் டெபியனுக்கு மாறியதற்குக் காரணம் வேறு. கற்பூர வாசனை வந்தாலே அது நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. நான்கு கணினிகள். லினக்ஸ் போட்டது நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. தினம் தினம் புதுசு தரும் ஒரு வகையைப் போட்டிருந்தேன். பெயர் வேண்டாம், அதன் மேல் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கணினிகளுக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கையோடு நான்கையும் அப்டேட் செய்வேன். சிரிக்காதீர்கள், நல்ல நாள் பார்த்துச் செய்தால் கோளாறு வராது என்று நம்பியிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் செய்தால், நான்கு திரையும் கறுப்பு. அந்த நேரம் பார்த்துக் கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி பொன்னுசாமி என்பவர் வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் மகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை.

"பத்து நிமிஷம்ணா, சரியாயிடும்" என்றேன்.

அந்தப் பத்து நிமிஷத்தைச் சாயந்திரம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானம், "கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் போட்டுக்கட்டுமா தம்பி?" என்று அவரே கேட்டார். அரை மணி நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் இருந்தது. நான் விடவில்லை. போட்டவனுக்குச் சரிசெய்யத் தெரியாது என்று ஊர் பேசிவிடுமே! "தோ, ஆயிடுச்சுண்ணா, ஒக்காருங்க" என்றேன். ஐந்து மணி தாண்டியது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "போட்டிருந்தாலும் இந்த மார்க்குக்குக் கெடச்சிருக்காதுண்ணா" என்று சொல்லிவிட்டேன். நல்ல மார்க், தாராளமாகக் கிடைத்திருக்கும்.

"நீ இன்னா பண்ணுவ தம்பி, மிஷினு தான" என்று சொல்லிவிட்டு அவர் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார். மறுநாளே நான்கிலும் டெபியன் போட்டேன். அப்டேட்டால் வந்த வினை என்று எல்லோரிடமும் சொன்னேன். நானே அதை நம்பியும்விட்டேன்.

போன வாரம் திவ்யாவுக்குக் காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, என் மேசைக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு, அவளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வந்தவள், பெயர் அலமேலு. அலமேலுவின் அப்பா பெயரைக் கேட்டேன். பொன்னுசாமி என்றாள். ஊர் கல்வராயன் மலையில் என்றாள். விசைப்பலகையில் என் கை நின்றுவிட்டது.

"எதுவரைக்கும் படிச்சிருக்கம்மா?"

"பன்னெண்டாவதுங்க. நர்ஸுக்குப் போடப் போனாரு அப்பா. மார்க்கு பத்தலன்னு கம்ப்யூட்டர்காரரு சொல்லிட்டாராம். அத்தோட வுட்டுட்டோம்."

வாய் தவறி வந்த ஒரு பொய் மலையேறிப் போய் அந்த வீட்டிலேயே இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறது! ஐயோ, என்ன காரியம் செய்தேன் நான்! அந்தக் கம்ப்யூட்டர்காரன் நான்தான் என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். திவ்யா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

அலமேலு திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். பக்கத்தில் நின்ற மகளின் தலையைத் தடவினாள்.

"அப்போ நான் மக்கு இல்லீங்களா?" என்றாள்.

"இல்லம்மா."

அந்த பிரவுசிங் சென்டர் இன்று இல்லை. நான்கு கணினிகளும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. மலையில் இப்போது ஆளுக்கொரு கைபேசி, காலேஜுக்கு விண்ணப்பம் போட யாரும் இறங்கி வர வேண்டியதில்லை. பொன்னுசாமியின் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று, "அப்பா வூட்லதான இருக்காரு?" என்றேன்.

"போன தையில போய்ட்டாருங்க. சாவுற வரைக்கும் எம்பொண்ணுக்கு மார்க்கு பத்தலியேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. அவரு இருக்கசொல்ல இத சொல்லியிருக்கலாம் நீங்க."