கடைசிக் கேள்வி

திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்க் கேள்வி வந்து நிற்கிறது: மோட்டார் சூடாகிறதா? கைலாசம் அண்ணாச்சி பம்ப்செட்டை ஓடவிட்டுத் தொட்டுப் பார்க்கிறார். "ஆவுது வே, பைய கேளும்" என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் பதிலைத் தட்டுகிறார். இங்கே கணக்கு எழுதும் என்னைச் சார் என்கிறவர், அதனிடம் மட்டும் கூட்டாளியைப்போல 'வே' போட்டுத்தான் பேசுவார்.

தச்சநல்லூர்ப் பட்டறைக்குள் மோட்டாரை இறக்கும்போதே, கருகல் வாடையை வைத்துக் கோளாறு என்னவென்று அவருக்குத் தெரிந்துவிடும்; மிச்சத்தை ஓடும் சத்தம் சொல்லிவிடும். அந்த மூக்கையும் காதையும்தான் போன வருடம், தொண்ணூற்றாறில், முதலாளி மகேஷ் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். அண்ணாச்சி லீவு போட்டால் வேலை படுத்துவிடுமாம். அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. மனைவி தவறி ஒன்பது வருடம் ஆகிறது, மகள் மஸ்கட்டில். லீவு போட்டுவிட்டு மனுஷர் எங்கேதான் போவார்?

நிரல் எழுத வந்த சித்ரலேகா என்ற பெண் மூன்று வாரம் அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். "எம் பொண்டாட்டிகூட இம்புட்டுக் கேட்டதில்ல, பாத்துக்கிடுங்க சார்." சாயங்காலம் நோட்டை மூடும்போது, "வேற எதாவது உண்டா அண்ணாச்சி?" என்பாளாம். மோட்டார் சமாசாரம் அதற்குள் தீர்ந்திருக்கும். மனைவியோடு மணிமுத்தாறு அணை பார்க்கப் போனதை இவர் எடுத்துவிடுவார். அவளும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாள்.

அதே கேள்வியை நிரலின் கடைசியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். 'இல்லை' என்று தட்டினால் கோளாறின் பெயர் வரும். 'உண்டு' என்றால் எல்லாக் கேள்வியும் முதலிலிருந்து வரும். அண்ணாச்சி 'உண்டு' என்றே தட்டுகிறார். ஒரு மோட்டாருக்கு நாலு சுற்றாவது ஆகிறது.

மகேஷுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கடைசிக் கேள்வி எதுக்கு அண்ணாச்சி? சும்மா சுத்த விடுது. திங்கக்கிழமை ஆள் வந்து எடுத்துருவாங்க" என்று என் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் கைத்துணியால் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மத்த கேள்வியெல்லாம் மோட்டாரப் பத்தித்தான சார்" என்றார்.

அன்று சனிக்கிழமை. ஆறு மணிக்கு கம்ப்யூட்டருக்கு உறை போட்டுவிட்டு சைக்கிள் சாவியை எடுத்தார். நானும் என் நோட்டை மூடினேன். பிறகு, "வேற எதாவது உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"உண்டு வே" என்றவர், சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டார்.