பாரிசுக்கும் தீவுக்கும் நடுவில் ஒரு மாடி அறை

என் மனைவி இறந்த வருடமே பிள்ளைகள் என்னைப் பங்கு போட்டுவிட்டார்கள். வீட்டைப் பங்கு போடத்தான் ஆசைப்பட்டார்கள். நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது என்று தெரிந்ததும் என்னைப் போட்டார்கள். மே மாதம் தொடங்கி பாரிசில் மகன் வீடு. நவம்பர் தொடங்கி ரெயூனியோன் தீவில் மகள் வீடு. நடுவில், ஒவ்வொரு முறை கை மாறும்போதும், பத்து நாள் புதுச்சேரி. அந்தப் பத்து நாளை நான் சண்டை போட்டு வாங்கினேன்.

எங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நிலம் நீச்சு எதுவும் சேர்க்காமல் அந்த நாட்டுக் குடியுரிமையை மட்டும் எங்களுக்கு விட்டுப் போனார். நான் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மில்லுக்குப் போனேன். மில் மூடியதும் பிள்ளைகள் பெட்டியைத் திறந்தார்கள். மகன் பாரிசுக்குப் பறந்தான். மகள் அதே பிரான்சுக்குச் சொந்தமான தீவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

மகன் வீட்டில் என் இடம் ஹாலில் இருக்கும் சோபா. இரவில் இழுத்தால் கட்டில், காலையில் மடித்தால் சோபா. பேரப்பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் மடித்து, போர்வையை அலமாரிக்குள் திணித்து, ராத்திரி அங்கே ஒரு ஆள் படுத்திருந்த அடையாளமே இல்லாமல் செய்துவிட வேண்டும். கருவாடு வறுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடுவாராம். நான் தும்மினால் மருமகள் ஜன்னலைத் திறப்பாள். அவளுக்கு என்னைப் பிடிக்காது, எனக்கும் அவளைப் பிடிக்காது. எங்களுக்குள் பொய் இல்லாத விஷயம் அது ஒன்றுதான்.

தீவில் தனி அறை உண்டு, கார் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால். ஊர் பார்க்க வருகிறவர்கள் அங்கே மலையையும் கடலையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். என் பங்குக்கு வருவது புயல் மாதங்கள். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு ஜன்னல் பலகைகளை அடைப்பது, குழாய்த் தண்ணீர் கலங்குவதற்குள் பிடித்து வைப்பது, நாய்க்குச் சோறு போடுவது எல்லாம் நான்தான். மாப்பிள்ளை தன் சிநேகிதர்களிடம் என்னைக் காட்டி, "எங்க வாட்ச்மேன்" என்று சொல்லிச் சிரிப்பார். மகளும் கூடச் சிரிப்பாள். நான் நாயைப் பார்ப்பேன். அது ஒன்றுதான் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

போன வருடம் மகன் குடும்பத்தோடு வக்கான்ஸ் போவதற்காக, அதாவது பள்ளி விடுமுறையில் ஊர் சுற்றுவதற்காக, என்னை ஒரு வாரம் முன்னதாகவே விமானம் ஏற்றிவிட்டான். மகள் அவனைப் போனில் பிடித்துக்கொண்டாள்.

"உன் டர்ன்ல ஒரு வாரத்த என் தலையில கட்டுறியா? நான் என்ன குடோனா வச்சிருக்கேன்?"

நான் அதே அறையில் சோறு தின்றுகொண்டிருந்தேன். குழம்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

இந்த வருடமும் அவன் அதையேதான் செய்தான். விமான நிலையத்தில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்: "பப்பா, தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் பேசினா சண்ட வரும். அவ டிக்கெட் போட்டதும் கிளம்பிடுங்க."

சரி என்றேன். சென்னையில் இறங்கி, கார் பிடித்து, புதுச்சேரி உழவர்கரையில் என் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தேன். கீழே ஒரு இளம் தம்பதி வாடகைக்கு இருக்கிறார்கள். நான் வந்திருப்பது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி வைத்தேன். மகனுக்கு 'வந்துட்டேன்' என்று வாட்சப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. மகளுக்கு எதுவுமே அனுப்பவில்லை. பத்து நாள் கழிந்ததும் மகன் கணக்கில் நான் தீவில் இருந்தேன். மகள் கணக்கில் பாரிசிலேயே இருந்தேன்.

முதலில் எனக்கு ஒரே கொண்டாட்டம். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடம் தெரு கேட்கப் பேரம் பேசினேன். காலையிலேயே கருவாடு வறுத்தேன். யாரும் மடிக்கச் சொல்லாத கட்டிலில் பட்டப்பகலில் கால் நீட்டிப் படுத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் இதுதான் என்று நினைத்தேன்.

கல்லறைத் திருநாள் அன்று மனைவியிடம் போனேன். சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். அது இரண்டு பேருக்கான கல்லறை. அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் பிறந்த வருடத்தையும் அப்போதே வெட்டி வைத்திருக்கிறார்கள். கொத்தனார் ஒரே வேலையாக முடித்துவிடுவார் என்று மகன் சொன்னான், மகளும் தலையாட்டினாள். இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. சண்டை போட்டுக்கொள்ளாமல் அவர்கள் இருவரும் சேர்ந்து எனக்கு ஒதுக்கிய இடம் அது ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்திருந்தேன். மாட்டிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். யாராவது ஒருவர் பதறிப்போய், "எங்க இருக்கீங்க?" என்று கத்த வேண்டும். திட்டினால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் மேல் கை வைத்தபடியே தூங்கினேன். அது அடிக்கவே இல்லை.

பிறகு புயல் வந்தது. தீவுப் புயலுக்குத் தப்பிய எனக்காகவே புதுச்சேரிக்கு வந்ததுபோல வந்தது. மாடி அறையின் கூரையில் ஒரு தகரத்தைக் காற்று தூக்கிவிட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். கீழ் வீட்டுத் தம்பி எனக்கு நாற்காலி போடுவதற்குள் அவன் போன் அடித்தது. பாரிசிலிருந்து என் மகன். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, டிவில பாத்தேன். தண்ணி உள்ள வந்துடுச்சா?"

"இல்லண்ணா, வாசப்படி வரைக்கும்தான்."

"செவுத்துல கிராக் எதுனா?"

"இல்லண்ணா."

"மாடி ரூம்?"

"ஒரு ஷீட்டு தூக்கிடுச்சுண்ணா. நல்லா ஒழுவுது."

"பரவால்ல வுடு. அங்க யாரு இருக்கா? மழ வுட்டதும் பாத்துக்கலாம்."

தம்பி என்னைப் பார்த்தான். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு என்ன தோன்றியதோ, "ஐயா எப்படிண்ணா இருக்காரு?" என்று கேட்டுவிட்டான்.

"பப்பாவா? தங்கச்சி வீட்ல நல்லா இருக்காரு. நேத்துகூட பேசினேனே."

தம்பி போனை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பையன் குரல் நல்லாத்தான் இருக்கு, சளி எதுவும் இல்ல" என்றேன்.

மறுநாள் என் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். மகள்.

"பப்பா, இந்த தடவ அண்ணன் வீட்லயே இருந்துக்கறீங்களா? உங்க ரூம்ல இவரு தம்பி வந்து தங்கியிருக்காரு."

"சரிம்மா."

"அங்க குளிர் ஆரம்பிச்சிருக்குமே?"

தகரம் போன இடத்திலிருந்து என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. "ஆமாம்மா, குளிருது" என்றேன்.

"ஸ்வெட்டர் போட்டுக்குங்க. அண்ணிகிட்ட கேட்டா எடுத்துக் குடுப்பாங்க."

அவள் வைத்த பிறகு அழுதேன். பெற்ற வயிறு போய்ச் சேர்ந்துவிட்டதே, இதையெல்லாம் கேட்க நான் ஒருவன்தானா என்று மனைவி மேலேயும் கோபம் வந்தது.

மழை விட்டதும் கல்லறைக்குப் போனேன். சாமந்தி அழுகிக் கிடந்தது. அதைக் கூட்டித் தள்ளிவிட்டு அவள் பக்கம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். கையில் இன்னொன்று இருந்தது. அதை என் பக்கம் ஏற்றினேன். காவல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். புதிதாக வந்தவர், என்னைத் தெரியாது. கல்லில் இருந்த பெயரை மெல்லப் படித்தார்.

"இவரு எப்பங்க எறந்தாரு? தேதி போடாம வுட்டிருக்காங்களே."

"பிள்ளைங்களுக்கு இன்னும் தகவல் போவல" என்றேன்.