இன்ஸ்பெக்டர் பிடித்த திருடி

என் நாத்தனார் பூனைக் கதை எழுதுகிறவள். கொலை நடக்கும், போலீஸ் திணறும், கடைசியில் ஒரு பூனை போய்க் குற்றவாளியின் முன்னால் நின்று சீறும். இப்படியே ஒன்பது நாவல். வாங்கிப் படிக்கவும் ஆள் இருக்கிறது, தலையெழுத்து. நாவலில் வரும் பூனை பன்னீரில் குளித்ததுபோல் மணக்கும். எங்கள் வீட்டில் வளர்வதோ, குப்பைத்தொட்டியைக் கிளறிவிட்டு வந்து என் தலையணையில் படுத்து வாலடியை நக்கும் ஜந்து. பெயர் இன்ஸ்பெக்டர். அதன் முடி விழாத சாப்பாட்டை நான் சாப்பிட்டுப் பல காலம் ஆகிறது.

நாத்தனாரைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், யார் கையையும் எதிர்பார்க்காமல் எழுதியே பிழைக்கிறாள். காலையில் தலைகூட வாராமல் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டாள். ஆனால் எழுதி எழுதி, எழுதியதைத் தானே நம்பத் தொடங்கிவிட்டாள். அதுதான் வினை.

ஒரு நாள் அவளுடைய கல் தோடு ஒன்று காணாமல் போனது. கட்டிலுக்கடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்னையும், என் கணவரையும், வீடு துடைக்க வரும் அக்காவையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினாள். ஒன்பது நாவலிலும் கடைசி அத்தியாயம் இப்படித்தான். பிறகு பூனையைத் தரையில் விட்டாள்.

அது என்னைத் தாண்டிப் போனது. என் கணவரின் கால்விரலை நக்கியது. அக்காவைக் கண்டதும் முதுகை வளைத்துச் சீறியது. சீறாமல் என்ன செய்யும்? வாராவாரம் அதைப் பிடித்து வாளியில் முக்கித் தேய்க்கிறவள் அவள்தானே!

"இன்ஸ்பெக்டர் தப்பாக் காட்ட மாட்டான், அண்ணி," என்றாள் நாத்தனார்.

"பூனை சாட்சியா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று கத்தினேன். என் கணவர் குனிந்து, பூனை நக்கிய விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கட்டடத்துல இன்னும் மூணு வீட்டுல வேலை பாக்குறேன்மா," என்றாள் அக்கா. "இங்க திருடின்னு பேர் வந்தா அந்தக் கதவெல்லாமும் சாத்திக்கும்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் பயந்தது போலவே ஆனது. மூன்று வீட்டிலும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, செருப்புக்குள் காலை நுழைத்தேன். சில்லென்று, கொழகொழவென்று ஏதோ விரலிடுக்கில் பிதுங்கியது. இன்ஸ்பெக்டர் கக்கியிருந்தது. முடியும் மஞ்சள் சளியுமாக ஒரு உருண்டை. மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தித்தாளால் அள்ளினேன். உருண்டைக்குள் கல் மின்னியது.

தாளோடு கொண்டுபோய் நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இந்தா, உன் திருடன் கக்கிட்டான். அக்கா வேலை செஞ்ச ஒவ்வொரு வீட்டுக்கும் போய் நடந்ததச் சொல்லு."

அழுதாள். நிஜமாகவே அழுதாள். முகம் கழுவி, ஆள் அனுப்பி அக்காவை வரவழைத்து, அவளையும் கூட்டிக்கொண்டு படியேறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

முதல் கதவு திறந்தது. "தோடு கெடச்சிருச்சுங்க. அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல," என்றாள். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், "கண்டுபிடிச்சது யார் தெரியுமா? எங்க இன்ஸ்பெக்டர்!" என்றாள்.

"அடடா, உங்க புத்தகத்துல வர்ற மாதிரியே!" என்று அந்த வீட்டம்மா கைதட்டினாள். மற்ற இரண்டு கதவிலும் இதே பாட்டுத்தான். நாளையிலிருந்து வா என்று மூவருமே அக்காவிடம் சொன்னார்கள். தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருத்தர் வாயிலும் வரவில்லை. பூனையின் நலம்தான் விசாரித்தார்கள். அங்கேயே அந்தத் தாளைப் பிரித்துக் காட்டலாமா என்று என் கை துறுதுறுத்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டிருந்தேன்.

கீழே இறங்கியதும் அக்கா நின்றாள். "உங்க வீட்டுக்கு மட்டும் வரமாட்டேன்மா. அது நாளைக்கும் சீறும். இவங்க நாளைக்கும் நம்புவாங்க."

பத்தாவது நாவல் வெளிவந்துவிட்டது. காணாமல் போன தோட்டைப் பூனை கண்டுபிடிக்கிறது. கக்கியதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இப்போது அதைக் குளிப்பாட்டுவது நான். நேற்று துணி எடுக்க அலமாரியைத் திறந்தேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து முதுகை வளைத்துச் சீறியது. நாத்தனார் எழுதுவதை நிறுத்தி, நிமிர்ந்து, என் கையைப் பார்த்தாள்.