தம்பிக்காக ஒருசந்தி

என் தம்பி கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருந்தான். உள்ளே தாத்தா, பெரியம்மா என்று எங்கள் ஆட்களெல்லாம் தலைமாட்டில் சிலுவை வைத்துக்கொண்டு படுத்திருக்க, இவனை மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம், புங்கமரத்தடியில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு கல்லை வைத்திருந்தார்கள். பிறந்து அரை நாள்கூட அவன் உலகத்தில் இருக்கவில்லை. பெயர் வைக்கவும் நேரமில்லை.

கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டு வேதக்கார வீடுகள் இருந்த தெரு எங்களுடையது. அவன் பிறந்த அன்று நல்ல மழை. குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது என்றதும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார், வைத்தியரைக் கூப்பிட அல்ல, சாமியாரைக் கூப்பிட. ஞானஸ்நானம் வாங்காமல் பிள்ளை போய்விடக் கூடாதே என்ற பதற்றம். பிரசவம் பார்த்தவள் கன்னடக்காரி, மாரியம்மனைக் கும்பிடுகிறவள்; அவளுக்கு இந்தச் சங்கதி தெரியாது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அம்மாவுக்குத் தெரியும். தண்ணீரும் சொம்பில் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பிள்ளை பெற்ற தீட்டோடு அந்த வார்த்தைகளை வாயில் எடுக்கலாமா என்று தயங்கிவிட்டாள். தீட்டு என்பது எங்கள் வேதத்தில் இல்லை, எங்கள் தெருவில் இருந்தது. சாமியார் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே இடம் கிடையாது.

அப்படிப் போன குழந்தைகளுக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவில் ஓர் இடம் என்றுதான் அந்தச் சாமியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அங்கே வலி கிடையாது. ஆனால் கடவுளைப் பார்க்கவே முடியாது. எனக்கு அது குருபரப்பள்ளியில் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்பதுபோலத் தோன்றியது. கிருஷ்ணகிரி பஸ்ஸும் வரும், ஓசூர் பஸ்ஸும் வரும், ஒன்றும் நிற்காது. அந்த இடத்திலிருந்து யாரும் கிளம்ப முடியாது என்பதும் பாடத்தில் இருந்தது. அம்மா அந்தப் பாடத்தை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை சூசையப்பருக்கு உகந்த நாள். வாராவாரம் அன்றைக்கு ஒருசந்தி பிடித்தாள், அதாவது ஒரே வேளைச் சாப்பாடு. செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்து போய், முழங்காலில் நின்று, இரண்டு கையையும் விரித்தபடி ஜெபமாலை சொல்லிவிட்டு வருவாள். தம்பியை எப்படியாவது அந்த நடு இடத்திலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. அம்மா ஒருசந்தி என்றால் எங்கள் வீட்டு அடுப்பும் ஒருசந்தி. முந்தின நாள் கேழ்வரகுக் களியைப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு தின்றுவிட்டு நான் பள்ளிக்கூடம் போவேன். முகம் தெரியாத தம்பிமேல் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

நான் நாலாவது படிக்கும்போது புதுச் சாமியார் வந்தார். இளவயது, பெங்களூரில் படித்தவர். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறி, சாமியார்கள் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்று பூசை வைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தவர், சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா மெழுகுவத்தியோடு தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டார். பூசைக்கு உதவியாக இருந்த கோயில்பிள்ளை அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். சாமியார் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். ஜனம் மொத்தமும் பின்னால் வந்தது. அவர் புங்கமரத்தடியில் குனிந்து அந்தக் கல்லின்மேல் தீர்த்தம் தெளித்தார்.

"உங்க பையன் கடவுள்கிட்டத்தான் இருக்கான்மா," என்றார். "நீங்க பட்டினி கெடந்து சம்பாதிச்சுக் குடுக்கற எடம் இல்ல அது. அவரே குடுத்துட்டாரு."

"இது எப்பலருந்து சாமி?" என்று அம்மா கேட்டாள்.

"அன்னிக்கே. அவன் கண்ண மூடுனப்பவே."

"அப்ப நான் இத்தன வருசமா செஞ்சதெல்லாம்?"

"அதயும் அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. ஆனா அதுக்காகக் குடுக்கலம்மா. எரக்கப்பட்டுக் குடுத்தாரு."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தம்பிக்கு மோட்சம், எனக்குப் புதன்கிழமைச் சோறு.

அடுத்த புதன்கிழமை அப்பா கெலமங்கலத்திலிருந்து கறி வாங்கிவந்தார். அம்மா மறுபேச்சில்லாமல் குழம்பு வைத்தாள், எங்களோடு உட்கார்ந்து தின்றாள். அப்புறம் கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அழுதாள். தம்பிக்காக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, கல்லறைத் திருநாள் அன்றுகூட அழவில்லை. அதற்குப் பிறகு வாராவாரம் புதன்கிழமை வந்தால் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. எடுத்ததை வைக்கமாட்டாள், வைத்ததை எடுக்கமாட்டாள், என்னைக் கண்டால் எரிந்து விழுவாள். அண்டை வீட்டுக்காரிகள் நல்ல சேதி கேட்ட வீடு என்று பேசிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில்தான் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின புதன்கிழமை காலையில் அவள் அடுப்பு மூட்டவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வாசலில் இறங்கினாள். அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"சாமியாரு அத்தன தூரம் சொல்லியும் உனக்கு ஏறலயா? அவரு சொன்னது பொய்யா?"

"பொய்யின்னு நான் சொன்னனா? அவன் அங்கதான் இருக்கான்."

"பின்ன எதுக்கு இது?"

"இவளுக்குத் தல வாரி உடறேன். உங்களுக்குச் சோறு கட்டிக் குடுக்கறேன். அவனுக்கு நான் வேற என்னங்க செஞ்சேன்? தண்ணிகூட ஊத்தல."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. பழையபடி களியா என்ற ஆத்திரத்தில், மோட்சத்தில் இருக்கிறவனுக்கு இன்னும் என்னதான் வேண்டுமாம் என்று கேட்டேன்.

"அவனுக்கு ஒண்ணும் வேணாம்டி," என்றாள் அம்மா. "எனக்குத்தான் வேணும்."

பட்டினி வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருத்தியை நான் அதுவரை கண்டதில்லை. சாமியார் சொன்னதில் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை என்றே முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் அவரிடமே போய், அம்மா மறுபடியும் ஒருசந்தி பிடிக்கிறாள், உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று புகார் சொன்னேன். அவர் வந்து கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அம்மா செய்யட்டும், விடும்மா," என்றார். பெரியவர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்துகொண்டு என்னைப் பழைய களி தின்ன வைக்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.